டெபிட் கிரெடிட்டுக்கு முன்னாடி கேக்கவேண்டியது: இது யாரோட புத்தகம்?

ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் லெவன்த் காமர்ஸ் குரூப் பசங்க, அப்புறம் காலேஜ் தொறந்ததும் பி.காம் முதல் வருஷப் பசங்கன்னு பெரம்பூர்ல எங்க வீட்டு மாடிக்கு அக்கவுண்ட்ஸ் டியூஷன் வர்றவங்க எல்லாருக்குமே மூணு கோல்டன் ரூலும் தலைகீழ் பாடம். பெறுபவர் கணக்குல பற்று (டெபிட்), தருபவர் கணக்குல வரவு (கிரெடிட்). உள்ள வர்றது பற்று, வெளிய போறது வரவு. செலவு நட்டம் எல்லாம் பற்று, வருமானம் லாபம் எல்லாம் வரவு. ஒரு எழுத்து பிசகாம ஒப்பிப்பாங்க. ஆனா "ஓனர் 50,000 ரூபா போட்டு கடை ஆரம்பிச்சார், ஜர்னல் எழுது"ன்னு சொன்னா (ஜர்னல்னா நடந்த விஷயத்த டெபிட் கிரெடிட்டா பிரிச்சு எழுதறது) பேனா அப்படியே நின்னுடும். பெறுபவர் யாரு, ஓனரா கடையா? காசு வந்துச்சா போச்சா? இதுல பசங்க மேல ஒரு குத்தமும் இல்லன்னு நான் உறுதியா நம்புறேன். ரூல சொல்லிக்குடுக்கறோம், ஆனா ரூலுக்கு முன்னாடி கேக்கவேண்டிய கேள்விய சொல்லிக்குடுக்கறதில்ல. இது யாரோட புத்தகம்?

பகல்ல நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். சின்னச் சின்ன கடைக்காரங்கதான் எங்களுக்கு நிறைய வருவாங்க. கல்லாவுல இருக்கறது, வீட்டு பீரோவுல இருக்கறது, சம்சாரம் பேர்ல போட்ட சீட்டு, பொண்ணோட ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஒரே நோட்டுல கலந்து எழுதி எடுத்துட்டு வருவாங்க, அதுல இருந்து கடைய மட்டும் தனியா பிரிச்செடுக்கறதுதான் எங்க வேலையில பாதி. அதனாலயே எனக்கு இந்த ஒரு கான்செப்ட் மேல பெரிய மரியாதை. புத்தகத்துல தொழில் தனித்தன்மைன்னு போட்டிருப்பாங்க, என்டிட்டி கான்செப்ட். கடை வேற, கடைக்காரர் வேற, நாம எழுதறது கடையோட கணக்கு, அவ்வளவுதான் விஷயம். எக்ஸாமுக்கு ரெண்டு மார்க் கேள்வின்னு பசங்க தாண்டிப் போயிடறாங்க, ஆனா மிச்சம் இருக்கற சிலபஸ் முழுக்க இதுமேலதான் நிக்குது.

சும்மா சொன்னா புரியாது, ஒரு கடையவே போட்டுப் பாத்துடலாம். திருவல்லிக்கேணியில ஒரு அக்கா ஜெராக்ஸ் கடை ஆரம்பிக்கறாங்கன்னு வச்சுக்குங்க. ஏப்ரல் 1, நம்ம ஊர்ல கணக்கு வருஷம் தொடங்கற நாள். தன் கையில இருந்து 3,00,000 ரூபா போடறாங்க. கடையோட புத்தகத்த தொறந்து பாத்தா, கடைக்கு ரொக்கம் வந்திருக்கு, அதனால ரொக்கக் கணக்குல டெபிட் 3,00,000. குடுத்தவங்க அந்த அக்கா, அதனால அவங்க கேபிடல் கணக்குல கிரெடிட் 3,00,000. அந்த அக்கா தன்னோட சொந்த நோட்டுல எழுதியிருந்தா இதே விஷயம் தலைமாறிப் போயிருக்கும், அங்க ரொக்கம் வெளிய போச்சு. கேள்வி ஒண்ணுதான், புத்தகம் மாறினா பதில் மாறுது.

இங்கதான் எல்லா வருஷமும் ஒரு பையனாவது பொண்ணாவது கேக்கும், "மிஸ், ஓனர் போட்ட காசு எப்படி மிஸ் பொறுப்பு பக்கம் வரும்? அது அவங்க காசுதானே?" எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி இது, இத கேக்கற பசங்க கண்டிப்பா அக்கவுண்ட்ஸ்ல தேறிடுவாங்க. அவங்க காசுங்கறதாலதான் அது கடைக்கு பொறுப்பு. கடை நாளைக்கு மூடினா வெளியில இருக்கற கடன எல்லாம் அடைச்சுட்டு மிச்சம் இருக்கறத கடை யாருக்கு குடுக்கணும்? அந்த அக்காவுக்குத்தான். அப்ப கடை அவங்களுக்கு தரவேண்டியது அது. வெளியாளுக்கு தரவேண்டியத லயபிலிட்டின்னும் ஓனருக்கு தரவேண்டியத கேபிடல்னும் சொல்றோம், ரெண்டும் ஒரே பக்கம்தான். கடைக்கிட்ட என்னெல்லாம் இருக்கோ அது அசெட், சொத்து. சொத்து எவ்வளவோ அவ்வளவு யாரோ ஒருத்தருக்கு சொந்தமா இருந்தே ஆகணும், ஒண்ணு வெளியாளுக்கு இல்லன்னா ஓனருக்கு. சொத்துகள் = பொறுப்புகள் + முதல் (கேபிடல்)ங்கற சமன்பாடு இவ்வளவுதான், இத கணக்கு ஃபார்முலா மாதிரி மனப்பாடம் பண்ணவேண்டிய அவசியமே இல்ல.

சரி, கடைக்கு வருவோம். மாச வாடகை 8,000, பத்து மாச வாடகை அட்வான்ஸ் 80,000 ஹவுஸ் ஓனர்கிட்ட குடுத்தாச்சு. இது செலவா? நூத்துக்கு தொண்ணூறு பசங்க செலவுன்னுதான் எழுதுவாங்க, கையவிட்டு காசு போயிடுச்சே. ஆனா காலி பண்ணும்போது திரும்பி வரவேண்டிய காசு அது, கடைக்கு ஹவுஸ் ஓனர் தரவேண்டியது, அதனால சொத்து. செகண்ட் ஹேண்ட் ஜெராக்ஸ் மெஷின் 1,20,000 ரொக்கம் குடுத்து வாங்கறாங்க, ரொக்கம்ங்கற சொத்து குறைஞ்சு மெஷின்ங்கற சொத்து ஏறுது, மொத்தத்துல ஒரு ரூபா கூட மாறல. பாரிஸ் கார்னர் பக்கம் ஆண்டர்சன் தெருவுல இருக்கற பேப்பர் கடையில இருந்து 20,000 ரூபாய்க்கு ஏ4 பண்டல் கடனுக்கு வாங்கறாங்க, சரக்கு ஏறுது, பேப்பர் கடைக்காரர் கடனீந்தோர், அதாவது கடைக்கு கடன் குடுத்தவங்க லிஸ்ட்ல ஏறுறாரு. இப்ப கூட்டிப் பாருங்க, ரொக்கம் 1,00,000, அட்வான்ஸ் 80,000, மெஷின் 1,20,000, பேப்பர் 20,000, மொத்தம் 3,20,000. அந்தப் பக்கம் முதல் 3,00,000, பேப்பர் கடைக்கு தரவேண்டியது 20,000. சரியா நிக்குது. இன்னும் ஒரு காப்பி கூட எடுக்கல, அதனால லாபமும் இல்ல நட்டமும் இல்ல.

இப்ப ஏப்ரல் மாசம் ஓடட்டும். கவுண்டர்ல ரொக்கமா 30,000 வந்துச்சு. பக்கத்துல ஒரு கோச்சிங் சென்டர் 10,000 ரூபாய்க்கு நோட்ஸ் காப்பி எடுத்துட்டு அடுத்த மாசம் தர்றோம்னு சொல்லிட்டாங்க, அவங்க கடனாளி. வாடகை 8,000 குடுத்தாச்சு, டோனர் 3,000 ரொக்கம். 20,000 ரூபா பேப்பர்ல 12,000 ரூபா பேப்பர் தீந்துபோச்சு, 8,000 மிச்சம். ஈபி பில் நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான் வரும், இன்னும் வரல, ஆனா மீட்டர பாத்தா இந்த மாசத்துக்கு 2,500 ஆயிருக்கும்னு தெரியுது. நடுவுல அக்கா வீட்டுச் செலவுக்கு கல்லாவுல இருந்து 10,000 எடுத்துட்டாங்க.

மாசக் கடைசியில லாபம் எவ்வளவுன்னு அந்த அக்காகிட்ட கேட்டா என்ன சொல்லுவாங்க? மெஷின் எல்லாம் வாங்கி முடிச்சப்ப கையில 1,00,000 இருந்துச்சு, இப்ப 1,09,000 இருக்கு, வீட்டுக்கு 10,000 எடுத்தேன், அப்ப 19,000 லாபம்னு சொல்லுவாங்க. நாங்க பாக்கற கடைக்காரங்க முக்காவாசிப் பேர் இப்படித்தான் சொல்றாங்க, அது இயல்புதான், கண்ணால பாக்கறது கல்லாவத்தானே. ஆனா அது லாபம் இல்ல, ரொக்க மிச்சம். லாபம் கண்டுபிடிக்க வேற மாதிரி கேக்கணும், இந்த மாசம் சம்பாதிச்சது எவ்வளவு, அத சம்பாதிக்க கரைஞ்சது எவ்வளவு, காசு கைமாறிச்சா இல்லையாங்கறது இங்க கணக்கில்ல. சம்பாதிச்சது 40,000, ஏன்னா கோச்சிங் சென்டருக்கு வேலைய முடிச்சு குடுத்தாச்சு. கரைஞ்சது வாடகை 8,000, டோனர் 3,000, பேப்பர் 12,000 (பணம் இன்னும் குடுக்கல, ஆனா பேப்பர் தீந்துபோச்சே), கரண்ட் 2,500, அப்புறம் மெஷின் தேய்மானம். மெஷின் அஞ்சு வருஷம் ஓடும், அதுக்கப்புறம் காயலான் கடைக்கு போட்டாலும் ஒண்ணும் தேறாதுன்னு எடுத்துக்கிட்டா 1,20,000 வகுத்தல் 60 மாசம், மாசத்துக்கு 2,000. மொத்தம் 27,500. லாபம் 12,500.

19,000க்கும் 12,500க்கும் நடுவுல இருக்கற 6,500 எங்க போச்சுன்னு பசங்கள வச்சு நான் கண்டிப்பா போட வைப்பேன். வராத 10,000 சேக்கணும், குடுக்காத பேப்பர் 12,000 கழிக்கணும், வராத கரண்ட் பில் 2,500 கழிக்கணும், தேய்மானம் 2,000 கழிக்கணும், 12,500 வந்து நிக்கும். இந்த ஒரு கணக்க கையால போட்டவங்களுக்கு அக்ரூவல் (காசு கைமாறாட்டியும் கணக்குல எழுதறது), மேட்சிங் (வருமானத்தோட அதுக்கு ஆன செலவ சேத்து வைக்கறது), அவுட்ஸ்டேண்டிங் (இன்னும் கட்டாத செலவு), டிப்ரிசியேஷன் (தேய்மானம்) எல்லாம் தனித்தனி பாடமா தெரியாது, ஒரே விஷயத்தோட பல முகமா தெரியும்.

வீட்டுக்கு எடுத்த 10,000 எங்கயும் செலவுல வரல பாருங்க. அது எடுப்புகள், டிராயிங்ஸ். கடைக்காக கரைஞ்சது இல்ல, ஓனர் போட்ட முதல்ல இருந்து திருப்பி எடுத்தது. அதனால ஏப்ரல் 30 அன்னைக்கு முதல் 3,00,000 கூட்டல் லாபம் 12,500 கழித்தல் எடுப்பு 10,000, ஆக 3,02,500. பேலன்ஸ் ஷீட் போட்டா சொத்துப் பக்கம் ரொக்கம் 1,09,000, கோச்சிங் சென்டர் 10,000, பேப்பர் 8,000, அட்வான்ஸ் 80,000, மெஷின் 1,18,000, மொத்தம் 3,25,000. அந்தப் பக்கம் 3,02,500, பேப்பர் கடை 20,000, கரண்ட் 2,500, அதுவும் 3,25,000. இது மொத தடவ தன் கையால சரியா வந்து நிக்கும்போது ஒரு பிள்ளையோட முகத்துல வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே ஆபீஸ் விட்டு வந்த அசதியோட கிளாஸ் எடுக்கலாம்.

கடன பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா புத்தகத்துல வர்ற கடன் எல்லாம் பேங்க் லோனா இருக்கும், நம்ம பசங்க வீட்ல பாக்கறது தண்டல். 10,000 ரூபா தண்டல்னா கையில 9,000தான் குடுப்பாங்க, தினம் 100 வீதம் நூறு நாள் கட்டணும். இத கடையோட புத்தகத்துல எப்படி எழுதறது? ரொக்கம் டெபிட் 9,000, வட்டி டெபிட் 1,000, தண்டல் கடன் கிரெடிட் 10,000. அப்புறம் தினம் கட்டற 100 ரூபா செலவு இல்ல, கடன் குறையுது, அவ்வளவுதான். செலவு அந்த 1,000 மட்டும்தான், நூறு நாள்ங்கறது மூணு மாசத்துக்கு மேல நீளுது, அதனால அத மாசவாரியா பிரிச்சு எழுதணும். தினசரி கட்டறத எல்லாம் செலவுன்னு எழுதி வச்சா 10,000 செலவான மாதிரி தெரியும், வாங்கினத வருமானம்னு எழுதினா அது இன்னும் மோசம். ஒழுங்கா எழுதினாத்தான் அந்த 1,000 தனியா கண்ணுல படும். கடன் நாளுக்கு நாள் குறைஞ்சுகிட்டே வர்றத சேத்துப் பாத்தா அந்த வட்டி வருஷத்துக்கு 75 சதவீதத்துக்கு மேல போகுது. ஒரு பிள்ளை இத தானா போட்டுக் கண்டுபிடிச்சு வீட்ல போய் சொன்னா அந்தப் படிப்பு அன்னைக்கே உபயோகமாயிடுச்சு.

அடுத்த குழப்பம் பேங்க். கடையோட ரொக்கத்துல 50,000 எடுத்து பேங்க்ல போடறாங்க, நம்ம புத்தகத்துல பேங்க் கணக்கு டெபிட். ஆனா போன்ல மெசேஜ் வருது, உங்க கணக்கில் 50,000 கிரெடிட் ஆகியுள்ளதுன்னு. பசங்க இத பாத்துட்டு டீச்சர் சொன்னது தப்பா பேங்க் சொல்றது தப்பான்னு முழிப்பாங்க. யாரோட புத்தகம்? மெசேஜ் பேங்கோட புத்தகத்துல இருந்து வருது. பேங்க்குக்கு நாம குடுத்தவங்க, நமக்கு அது 50,000 தரவேண்டியிருக்கு, அதனால அவங்க புத்தகத்துல நமக்கு கிரெடிட். நமக்கு சொத்து, அவங்களுக்கு பொறுப்பு. பேங்க் ரீகன்சிலியேஷன்னு பத்து மார்க்குக்கு வர்ற கணக்கு முழுக்க இந்த ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஏன் இருப்பு ஒத்துப்போகலன்னு பாக்கறதுதான். செக் போட்டோம் இன்னும் கிளியர் ஆகல, பேங்க் சார்ஜ் புடிச்சுட்டாங்க நமக்கு தெரியல, இப்படி.

டெபாசிட்ங்கறது வாங்கினவங்களுக்கு கடன்னு சொல்றப்ப எனக்கு எப்பவும் நம்ம மெட்ராஸோட 1906 ஞாபகம் வரும். ஆர்பத்நாட் கம்பெனின்னு ரொம்பப் பெரிய வியாபார நிறுவனம், ஊர்ல இருந்தவங்க நம்பி சேமிப்ப எல்லாம் அங்க போட்டு வச்சிருந்தாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல அது விழுந்துச்சு, ஆயிரக்கணக்கான குடும்பத்தோட பணம் போச்சு, சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மேல கேஸ் நடந்து ஜெயிலுக்கு போனாரு. அதுக்கு அடுத்த வருஷம், 1907ல, வி. கிருஷ்ணசாமி ஐயர் மாதிரி ஆளுங்க முன்ன நின்னு ஆரம்பிச்சதுதான் இந்தியன் பேங்க். கட்டடம் பெருசா இருக்கலாம், பேர் பெருசா இருக்கலாம், புத்தகத்துல பொறுப்பு சொத்த தாண்டிப் போயிட்டா போட்டவங்க எல்லாருக்கும் முழுசா திருப்பித்தர முடியாது. பேலன்ஸ் ஷீட் எக்ஸாம் கேள்வி மட்டும் இல்லன்னு பசங்களுக்கு சொல்ல இதவிட நல்ல உதாரணம் நம்ம ஊர்ல இல்ல.

இன்னொண்ணையும் இங்கயே சொல்லிடறேன், பி.காம் பசங்களுக்கு. கடை வேற ஓனர் வேறன்னு நாம எழுதறது கணக்குக்காக. சட்டத்துல அப்படி இல்ல. அந்த ஜெராக்ஸ் கடை அக்கா தனி வியாபாரி, கடைக் கடன் பாக்கின்னா அவங்க சொந்த நகைய வித்தாவது கட்டணும். பார்ட்னர்ஷிப்லயும் அதே கதைதான், 1932ம் வருஷ சட்டப்படி ஒவ்வொரு பார்ட்னரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. கம்பெனின்னு பதிவு பண்ணிட்டா சட்டமும் அத தனி ஆளா பாக்கும், 1897ல இங்கிலாந்துல சாலமன்னு ஒரு ஷூ வியாபாரி வழக்குல வந்த தீர்ப்பத்தான் இன்னைக்கும் லா பேப்பர்ல படிக்கறீங்க.

ஜிஎஸ்டியும் இதே கேள்விதான். கடை பெருசாகி பதிவு பண்ணிட்டாங்கன்னு வச்சுக்குங்க, 18 சதவீதம் உள்ள வேலைக்கு 1,000 ரூபா பில் போட்டா கஸ்டமர்கிட்ட 1,180 வாங்குவாங்க. வருமானம் 1,000தான். அந்த 180 அரசாங்கத்தோட காசு, கடையில கொஞ்ச நாள் தங்கியிருக்கு, அதனால பொறுப்பு.

எல்லாம் எழுதி பேரேட்டுக்கு (ஒவ்வொரு கணக்கும் தனித்தனியா இருக்கற லெட்ஜருக்கு) மாத்தி, எல்லாக் கணக்கோட இருப்பையும் ஒரே லிஸ்டா எழுதற டிரயல் பேலன்ஸ் போட்டு ரெண்டு பக்கமும் ஒத்துப்போயிடுச்சுன்னா பசங்க பேனாவ மூடி வச்சுடுவாங்க. ஒத்துப்போனா டெபிட்டுக்கு சமமா கிரெடிட் விழுந்திருக்குன்னுதான் அர்த்தம், சரியான இடத்துல விழுந்திருக்குன்னு அர்த்தம் இல்ல. ஒரு பில்ல எழுதவே மறந்துட்டா ரெண்டு பக்கமும் விட்டுப்போயிருக்கும், டிரயல் பேலன்ஸ் அத காட்டிக்குடுக்காது. ஒத்துப்போகலன்னா மட்டும் ரெண்டு விஷயம் மொதல்ல பாருங்க, ஆபீஸ்ல நாங்க இன்னைக்கும் பாக்கறது. வித்தியாசம் 9ஆல வகுபட்டா ஏதோ ஒரு நம்பர மாத்தி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம், 540க்கு பதிலா 450 எழுதினா வித்தியாசம் 90. இல்லன்னா வித்தியாசத்துல பாதி எந்த என்ட்ரியாவது இருக்கான்னு தேடுங்க, இருந்தா அது பக்கம் மாறி விழுந்திருக்கலாம். அப்பவும் கிடைக்கலன்னா அனாமத்துக் கணக்குல (வித்தியாசத்த தற்காலிகமா நிறுத்தி வைக்கற சஸ்பென்ஸ் கணக்கு) போட்டு வச்சுட்டு தேடலாம், ஆனா அத அங்கயே தூங்க விடக்கூடாது.

இந்த ரெட்டைப் பதிவு முறை ரொம்பப் பழசு. லூக்கா பாச்சோலிங்கற இத்தாலித் துறவி 1494ல வெனிஸ்ல அச்சடிச்ச கணிதப் புத்தகத்துல வியாபாரிங்க ஏற்கனவே எழுதிட்டிருந்த முறைய விளக்கி எழுதினாரு. அன்னைக்கு விளக்கினதுக்கும் இன்னைக்கு கணக்கு எழுதற டாலி சாஃப்ட்வேருக்குள்ள ஓடறதுக்கும் அடிப்படை ஒண்ணுதான்.

டாலின்னதும் ஒரு விஷயம், நிறையப் பேர் டிகிரி முடிச்சுட்டு ரெண்டு மாச கோர்ஸ் போயிட்டு வேலைக்கு வர்றாங்க. எஃப் 4 கான்ட்ரா, எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரிசீப்ட், எஃப் 7 ஜர்னல்னு விரல் தானா போகும். ஆனா லெட்ஜர் கிரியேட் பண்ணும்போது அண்டர்னு ஒண்ணு கேக்குமே, எந்த குரூப்புக்கு கீழன்னு, அங்க சாஃப்ட்வேர் உங்களுக்கு உதவாது. அந்த அக்காவோட கடை அட்வான்ஸ் 80,000ஐ டெபாசிட்ஸ் அசெட் குரூப்ல வைக்காம இன்டைரக்ட் எக்ஸ்பென்சஸ்ங்கற செலவு குரூப்ல வச்சுட்டா டிரயல் பேலன்ஸ் அழகா ஒத்துப்போகும், பேலன்ஸ் ஷீட்டும் ஒத்துப்போகும், ஏப்ரல்ல 12,500 லாபம் வந்த கடை 67,500 நட்டத்துல நிக்கும். அந்த ரிப்போர்ட்ட நம்பி யாராவது கடைய மூடிட்டா என்ன பண்றது? அதனால எங்கிட்ட படிக்கற பசங்களுக்கு மொத மூணு மாசம் கம்ப்யூட்டர் கிடையாது, பேப்பர், பேனா, டி வடிவத்துல கோடு, அவ்வளவுதான்.

மே மாசத்த நீங்களே போட்டுப் பாருங்க. கோச்சிங் சென்டர் 10,000ஐ குடுத்துட்டாங்க, பேப்பர் கடைக்கு 20,000 செட்டில் பண்ணியாச்சு, ஈபி பில் ரெண்டு மாசத்துக்கும் சேத்து 5,200 வந்து அதையும் கட்டியாச்சு. கல்லாவுல வந்த 10,000 மே மாச வருமானம் இல்ல, ஏப்ரல்லயே எழுதியாச்சு, இப்ப கடனாளி கணக்கு மூடுது. பேப்பர் கடைக்கு போன 20,000 மே மாச செலவும் இல்ல, கடன் அடைஞ்சது. மிச்சம் இருந்த 8,000 ரூபா பேப்பர்ல இந்த மாசம் எவ்வளவு தீந்துச்சோ அதுதான் செலவு. கரண்ட்டுக்கு கட்டினது 5,200, அதுல மே மாசத்துக்கு விழறது 2,700.